5.7 என்கிற எண்: ஷன்ட் வைத்த ஒருவரின் கண்ணில் இரண்டு முறை பார்த்த அல்ட்ராசவுண்ட்

இந்த நிகழ்வில் வருகிறவர் மலேசியாவின் பினாங்கில் பூமாலை கட்டிப் பிழைப்பவர். வயது 52. எழுதிக்கொள்ளச் சொல்லி அவரும் மனைவியும் சம்மதம் தந்தார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். 14 மாத இடைவெளியில் அவருடைய கண்ணில் இரண்டு முறை அவசரப் பிரிவில் அல்ட்ராசவுண்ட் பார்த்தேன். ஒரே ஆள், ஒரே கருவி. முதல் முறை அது என்னைத் தவறான பக்கம் இழுத்தது. இரண்டாம் முறை சரியான கதவைத் தட்ட வைத்தது. இரண்டு முறையும் கிடைத்த அளவு, அதாவது பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறையின் அகலம், பாடப்புத்தகம் சொல்லும் வரம்புக்கு மேலேதான்.

பழைய கதை

39 வயதில் அவருக்குக் காசநோய்க் கிருமி மூளை உறையைத் தாக்கியிருக்கிறது. உயிர் பிழைத்தார். ஆனால் அழற்சி ஆறிய தழும்பு, மூளைத் தண்டுவட நீர் வடியும் வழிகளை அடைத்துவிட்டது. பெரியவர்களின் உடலில் இந்த நீர் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி சுரக்கிறது. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 150 மில்லி அளவுதான். அதாவது ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் பழையது வடிந்து புதியது வருகிறது. வடிகால் அடைத்தால் என்ன ஆகும் என்பதை ஜார்ஜ் டவுனில் மழைக்காலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூளையின் நீரறைகள் வீங்குகின்றன. இதுதான் ஹைட்ரோகெஃபலஸ், தமிழில் மூளை நீர்க்கோர்வை. குழந்தைக்கு வந்தால் மண்டை எலும்பு விரிந்து கொடுக்கும். பெரியவர்களுக்கு அந்த வசதி இல்லை, அழுத்தம் நேராக மூளையின் மேல் ஏறும்.

அப்போதே தேங்கும் நீரை வடிக்க ஷன்ட் வைத்தார்கள். நீரறையில் ஒரு முனை, காதுக்குப் பின்னால் ஒரு வால்வு, தோலுக்கடியில் கழுத்து, மார்பு வழியாக இறங்கி வயிற்றுக்குள் முடியும் சிலிக்கோன் குழாய். 13 ஆண்டுகளாக அதை யாரும் தொடவில்லை. ஷன்ட் வைத்தவர்களில் பலருக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை.

அவருடைய நீரறைகள் அதன் பிறகும் பழைய அளவுக்குச் சுருங்கவில்லை. நீரறையின் முன்கொம்புகளின் அகலத்தை மண்டையோட்டின் உள்ளகலத்தால் வகுத்து வரும் எண்ணை எவன்ஸ் குறியீடு என்பார்கள். 0.3க்கு மேல் போனால் நீரறை பெரிதென்று கணக்கு. இவருக்கு நல்ல நாளிலேயே 0.37. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுவும் ஒரு குழப்பம் செய்யும்.

முதல் முறை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் கட்டிப் பதிந்துகொண்டு, மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்தார். மூன்று நாளாகத் தலைவலி, ஒரு தடவை வாந்தி.

"குழாய்தான் அடச்சிக்கிச்சோன்னு பயமா இருக்கு டாக்டர்" என்றார் அந்த அக்கா.

எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். "கண்ணுக்குப் பின்னால" என்றார் அவர்.

அந்தச் சொல்லை நான் கேட்ட விதம் தவறு. அப்போது கண் அல்ட்ராசவுண்டின் மேல் எனக்குப் புது மோகம். ஒரு பயிற்சிக்குப் போய்வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கையில் சுத்தியல் இருந்தால் பார்ப்பதெல்லாம் ஆணி என்பார்களே, அந்த நிலைமை. உடல் வெப்பம் 37.4 என்று தாதி எழுதியிருந்தார். நினைவு தெளிவு, நாடி சாதாரணம், கை கால் பலம் சரி. கண்ணடியைப் பார்த்தேன். பார்வை நரம்பு கண்ணோடு சேரும் இடமான விழித்தட்டு, மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் வீங்கும். இவருக்கு அது வீங்கவில்லை, ஆனால் கொஞ்சம் வெளிறியிருந்தது. பழைய அழுத்தத்தில் நரம்பிழைகள் சில போய்விட்ட விழித்தட்டு பிறகு வீங்க வேண்டிய நேரத்திலும் சரியாக வீங்காது. அதனால் வீக்கம் இல்லை என்பது இவர் விஷயத்தில் எந்த நிம்மதியும் தராத செய்தி.

சரி, பார்வை நரம்பின் உறையை அளப்போம் என்று அல்ட்ராசவுண்ட் கருவியின் புரோபை எடுத்தேன். வலக்கண் 5.9, 5.8. இடக்கண் இரண்டு தடவையும் 5.7. சராசரி 5.8 மி.மீ.

எதை அளக்கிறோம்

பார்வை நரம்பை நரம்பு என்று சொன்னாலும் அது மூளையின் நீட்சிதான். மூளையைச் சுற்றியுள்ள உறைகள் கண்விழியின் பின்புறம் வரை அதோடு கூடவே வருகின்றன. உறைக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் ஓடுவதும் அதே மூளைத் தண்டுவட நீர். மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் நீர் இந்தச் சந்துக்குள் தள்ளப்படுகிறது, உறை உப்புகிறது. 1960களில் சோகன் சிங் ஹேரே குரங்குகளில் செய்த ஆய்வுகளில், உறையைத் திறந்துவிட்டால் அந்தப் பக்கத்து விழித்தட்டின் வீக்கம் வடிந்தது. வீக்கத்துக்கு வழி இந்த உறைதான் என்பது அதில் தெளிவானது. 1996இல் ஜெர்மனியில் ஹெல்ம்கேயும் ஹான்சனும் இதை அல்ட்ராசவுண்டில் அளக்கும் அடிப்படைகளை வெளியிட்டார்கள். விழித்தட்டு வீங்க மணிக்கணக்கோ நாள்கணக்கோ ஆகும். உறை நிமிடங்களிலேயே விரியும். இந்த முறையின் கவர்ச்சியே அதுதான்.

செய்வது எளிது, சரியாகச் செய்வது அவ்வளவு எளிதல்ல. நோயாளி மல்லாந்து படுத்துக் கண்ணை மூட வேண்டும். இமையின் மேல் மெல்லிய ஒட்டுப்படலம், அதற்கு மேல் தாராளமாக ஜெல். ரத்தக்குழாய் பார்க்கும் அதே நேர்கோட்டுப் புரோப் போதும். கையை நெற்றியில் ஊன்றி, கண்ணின் மேல் பாரம் விழாமல் பிடிக்க வேண்டும். விழி கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பக்கத்திலேயே போகக் கூடாது. கருவியின் சக்தியையும் குறைக்க வேண்டும். ஒலியலை திசுவைப் பாதிக்கும் வாய்ப்பைக் காட்டும் எண்ணான மெக்கானிக்கல் இன்டெக்ஸ், கண்ணுக்கு 0.23ஐத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வைத்த வரம்பு. கருவியில் கண்ணுக்கென்று தனி அமைப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்காமல் தசை பார்க்கும் அமைப்பிலேயே கண்ணைப் பார்க்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

திரையில் விழி ஒரு கறுப்பு உருண்டையாகத் தெரியும். அதன் பின்னால் கருநிறத்தில் இறங்கும் பட்டைதான் நரம்பும் உறையும். விழியின் பின்சுவரிலிருந்து 3 மி.மீ. பின்னால் போய், அங்கே குறுக்கே அளக்க வேண்டும். ஏன் அந்த 3 மி.மீ.? அழுத்தம் ஏறும்போது உறை அதிகமாக உப்புவது அந்த முன்பகுதியில்தான். இன்னும் ஆழத்தில் அவ்வளவு இளகிக் கொடுக்காது. இரண்டு கண்ணிலும் இரண்டிரண்டு தடவை அளந்து சராசரி எடுப்பது வழக்கம்.

பெரியவர்களுக்கு 5 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அதற்கு மேல் எங்கே கோடு போடுவது என்பதில் ஒரு ஆய்வுக்கும் இன்னொரு ஆய்வுக்கும் ஒற்றுமை இல்லை. 4.8இலிருந்து 6 வரை ஆளுக்கொரு வரம்பு சொல்கிறார்கள். இந்த மில்லிமீட்டரை வைத்து அழுத்தம் இத்தனை என்று மாற்றிச் சொல்லவும் முடியாது. மண்டைக்குள் உண்மையான அழுத்தம் தெரிய வேண்டுமானால் உள்ளே ஒரு குழாயோ உணர்கருவியோ போயாக வேண்டும். இவ்வளவும் எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் 5.8ஐப் பார்த்ததும் கை பரபரத்தது.

ஒரு ஊசி, ஒரு கொசு

சி.டி. எடுத்தோம். எவன்ஸ் குறியீடு 0.37. மூன்று ஆண்டுக்கு முந்தின படத்திலும் அதே எண். ஷன்ட் அடைத்தவர்களில் சிலருக்கு நீரறையின் சுவர் இறுகிப்போய், அழுத்தம் ஏறினாலும் பெரிதாகாது. ஆகவே படம் மாறவில்லை என்று சும்மா இருக்க முடியாது என்று நான் வாதாடினேன். வாதம் சரிதான், ஆனால் அதற்கு நான் கொண்டுபோன ஆதாரம் அந்த 5.8 மட்டுமே.

நரம்பறுவை மருத்துவர் இறங்கி வந்தார், அனுபவசாலி. தலைத்தோலுக்கடியில் வால்வோடு இருக்கும் சிறு நீர்த்தேக்கத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்தினார். நீர் தாராளமாக வந்தது, தெளிவாக இருந்தது. அழுத்தம் 11 செ.மீ. நீர். ஷன்ட் நன்றாக வேலை செய்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, காலையில் பனடோல் (காய்ச்சலைக் குறைக்கும் பாரசிட்டமால் மாத்திரை) போட்டாரா என்று மட்டும் கேட்டார்.

போட்டிருக்கிறார். மூன்று நாளாக, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அந்த 37.4 பனடோல் தந்த 37.4. நள்ளிரவில் 39 தொட்டது. மறுநாள் காலை டெங்கி என்.எஸ்.1 சோதனை பாசிட்டிவ், முதல் நாள் 1,42,000 இருந்த ரத்தத் தட்டணுக்கள் 96,000. கண்ணுக்குப் பின்னால் வலி என்பது மலேசியாவில் எந்த மருத்துவ மாணவரும் டெங்கிக்கு முதலில் எழுதும் அறிகுறி. நான் அந்தக் கண்ணின் மேலேயே கருவியை வைத்துக்கொண்டு அதைத் தவறவிட்டேன்.

தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்த ஒருவரின் தலையில் ஊசி இறங்கக் காரணம் என் அளவீடு. ரத்தம் கசியவில்லை, தொற்றும் வரவில்லை. காய்ச்சல் தெரிந்திருந்தால் ஷன்டில் கிருமி சேர்ந்ததோ என்ற சந்தேகத்திலேயே அந்த ஊசி போடப்பட்டிருக்கலாம், அதுவும் உண்மை. ஆனால் அன்று போட்டது அந்தக் காரணத்துக்காக இல்லை.

ஐந்து நாள் வார்டில் இருந்து வீட்டுக்குப் போனார். ஆறு வாரம் கழித்து கிளினிக்குக்கு வரச் சொன்னேன். தலைவலி இல்லை, காய்ச்சல் இல்லை, வியாபாரம் நன்றாக நடக்கிறது. அன்று மறுபடி அளந்தேன். 5.7.

அதாவது நலமாக இருக்கும்போதே இவருடைய உறை இந்த அகலம்தான். 13 ஆண்டுக்கு முன் வாரக்கணக்கில் அழுத்தத்தில் கிடந்த உறை அது. அழுத்தம் போன பின்னும் பழைய நிலைக்கு இறுகவில்லை என்பதே என் ஊகம். துவைத்துத் துவைத்துத் தொய்ந்துபோன பனியன் கழுத்து மாதிரி. ஹைட்ரோகெஃபலஸ் நெடுநாள் இருந்தவர்களிடம் இந்த அளவீடு காலை வாருவது இங்கேதான். தலையில் அடிபட்டு வந்த ஆரோக்கியமான இளைஞருக்குப் போட்ட வரம்பை இவருக்கும் போட்டால், எப்போது அளந்தாலும் ஆபத்து என்றே சொல்லும்.

அவருடைய சந்திப்பு அட்டையின் பின்புறம் "வ.க. 5.8, இ.க. 5.6, சராசரி 5.7, நலமாக இருக்கும்போது" என்று தேதியோடு எழுதிக் கொடுத்தேன்.

"இது கண்ணாடி பவரா டாக்டர்?" என்றார் அக்கா.

விளக்கினேன். கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டார். அட்டை தொலைந்துவிடும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டாம் முறை

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருந்தது. பினாங்கில் மாலை கட்டுகிறவர்களுக்குத் தூக்கம் இல்லாத வாரம் அது. வெள்ளி ரதம் முந்தின நாளே புறப்பட்டுவிடும், வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டுகள் காத்திருக்கும். அந்த நேரத்தில் கடையை மூடிவிட்டு யாரும் மருத்துவமனைக்கு வர மாட்டார்கள். இவர்கள் வந்தார்கள்.

நான்கு நாளாகக் காலையில் எழும்போது தலைவலி. ஒரு கிளினிக்கில் கேஸ்டிரிக் என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை. இந்தத் தடவை பனடோலைப் பற்றி முதல் கேள்வியாகக் கேட்டேன். போடவில்லை.

ஆனால் அக்கா சொன்னது வேறு. "மால கட்டறப்ப பூவ மாத்தி மாத்திக் கோக்கிறாரு டாக்டர். மல்லி நாலு கண்ணி, அப்புறம் மரிக்கொழுந்து. இவரு மரிக்கொழுந்தவே கட்டிட்டுப் போறாரு. சொன்னா, கட்டினேனேங்கிறாரு. இருபத்தஞ்சு வருஷமா கட்ற கை டாக்டர் இது."

நினைவு மதிப்பீட்டுக்கென்று எங்களிடம் எத்தனையோ படிவங்கள் இருக்கின்றன. எதிலும் இந்தக் கேள்வி இல்லை. அவரிடம் தேதி கேட்டேன், சரியாகச் சொன்னார். இடம் கேட்டேன், சரியாகச் சொன்னார். பதில் வர மட்டும் ஒரு மூச்சு அதிகம் பிடித்தது. கேள்வி நின்றால் கண் சொருகியது. நாடி 56, ரத்த அழுத்தம் 164க்கு 88. அவருக்கு அதற்கு முன் ரத்த அழுத்தம் இருந்ததே இல்லை.

சி.டி. எவன்ஸ் குறியீடு 0.38. குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று அறிக்கை வந்தது. அந்த 0.01 படத்தில் கோடு போடும் கையின் வேறுபாடாகவே இருக்கலாம், அறிக்கை எழுதியவர் மேல் குறையில்லை.

நான் இன்னொரு நோயாளியிடம் இருந்ததால் இளைய மருத்துவர் உறையை அளந்திருந்தார். 6.1. பழைய 5.7ஓடு 0.4 வித்தியாசம். இரண்டு பேர் அளந்தாலே 0.2, 0.3 மாறும். அப்படியிருக்க 0.4 என்பது இழுபறி. சேமித்து வைத்த படத்தைத் திறந்து பார்த்தேன். அளவுக்கோடு விழியின் பின்சுவரிலிருந்து 5 மி.மீ. தள்ளி விழுந்திருந்தது. உறை அவ்வளவாக உப்பாத இடம். 3 மி.மீ.யில் நானே எடுத்தேன். வலம் 6.7, 6.6. இடம் 6.6, 6.5. சராசரி 6.6. நலமாக இருந்த நாளைவிட 0.9 மி.மீ. அதிகம். அளந்தவர் அதே ஆள், கருவியும் அதேதான்.

நரம்பறுவையில் அன்று பணியிலிருந்தவரும் அதே மருத்துவர். தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும், போன தடவையும் இதே அளவைச் சொல்லித்தானே கூப்பிட்டீர்கள் என்றார். நியாயமான கேள்வி. போன தடவை ஒரு எண்தான் இருந்தது, இந்தத் தடவை இரண்டு இருக்கின்றன என்றேன். கொஞ்சம் மௌனம். பிறகு, எக்ஸ்ரே எடுத்து வையுங்கள், வருகிறேன் என்றார்.

தலை முதல் வயிறு வரை எடுத்த எக்ஸ்ரேயில் குழாய் எங்கும் முறியவில்லை. நீர்த்தேக்கத்தில் மறுபடியும் ஊசி போட்டார். இந்தத் தடவை சொட்டுகூட வரவில்லை. மூளைப் பக்கத்து முனை அடைத்துவிட்டது என்பதற்கு அது போதும். அப்படி அடைத்தால் ஊசி வழியாக அழுத்தத்தை அளக்கவும் முடியாது, அளக்க நீர் வர வேண்டுமே.

அன்றிரவே அறுவை. பழைய குழாயின் நுனித் துளைகளில் திசுப்பிசிறு அடைத்திருந்தது. புதுக் குழாய் நீரறைக்குள் போனதும் நீர் பீறிட்டு வந்ததாக அறுவைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வால்வும் வயிற்றுப் பக்கத்துக் குழாயும் சரியாகவே இருந்தன.

பிறகு

மறுநாள் காலை உறை 6.1. அதற்குள் அவர் தெளிவாகப் பேசினார், தலைவலி போய்விட்டது. மூன்றாம் நாள் 5.9. ஆள் தேறும் வேகத்துக்கு உறை சுருங்கவில்லை. இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறுவைக்கு மறுநாள் யாராவது புதிதாக அளந்து 6.1ஐக் கண்டு புது ஷன்டும் அடைத்துவிட்டது என்று ஓடக்கூடும். முதல் முறை நான் செய்தது கிட்டத்தட்ட அதுதான்.

அறுவையை முடிவு செய்தது கண் அளவீடு அல்ல. ஊசியில் நீர் வராததுதான். அந்த ஊசி வரை கொண்டுபோனதில் கண்ணுக்குப் பங்கு உண்டு, மாலைக்கு அதைவிடப் பெரிய பங்கு. அன்று 5.7ஏ வந்திருந்தாலும் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். சொருகும் கண்ணையும் 56 நாடியையும் ஒரு நல்ல எண் தள்ளுபடி செய்துவிட முடியாது. ஆனால் சி.டி. மாறவில்லை என்ற அறிக்கையோடு காலை வரை பார்ப்போம் என்று வார்டில் படுக்க வைத்திருப்போம். அந்த இரவில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க விருப்பமில்லை.

இன்னொரு வகைக் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடை தடுமாறி, மறதி வந்து, சிறுநீரை அடக்க முடியாமல் போகும் முதியவர்களிடம் காணும் ஹைட்ரோகெஃபலஸில் ஒருமுறை அளக்கும் அழுத்தம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். பெயரிலேயே சாதாரண அழுத்தம் என்று இருக்கிறது. அவர்களுக்குக் கண்ணில் உறை விரியவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்வது அர்த்தமற்றது. அங்கே தேவை நடையைப் பார்ப்பதும், முதுகில் நீர் எடுத்துப் பிறகு நடை தேறுகிறதா என்று பார்ப்பதும்தான்.

இப்போது ஷன்டோடு எந்த வேலையாக வருகிறவரானாலும், நலமாக இருக்கும் நாளில் ஒருமுறை உறையை அளந்து எழுதிக் கொடுக்கிறேன். ஐந்து நிமிட வேலை. ஒரு நோயாளியின் கதையை வைத்து இதை வழக்கமாக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் செலவு ஜெல்லும் கொஞ்சம் பொறுமையும்தான்.

அந்தத் தைப்பூசத்துக்கு அவரால் மாலை கட்ட முடியவில்லை. மைத்துனர்கள் வந்து கட்டினார்களாம். ஆறு வாரம் கழித்து கிளினிக்குக்கு வந்தபோது உறை 5.8. அட்டை எதிர்பார்த்தபடியே தொலைந்திருந்தது. அக்கா கைப்பேசியை எடுத்தார்.

"பழச அழிச்சிட்டு இத வெச்சிக்கவா டாக்டர்?"

"ரெண்டையும் வெச்சிக்குங்க அக்கா, தேதியோட."